குலசேகரன் சார் கொடுத்த டை

நீங்களா எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தீங்க பாருங்கண்ணே, அதை நான் மறக்க மாட்டேன். உளுந்தூர்பேட்டையில எங்க பஸ் டயர் வெடிச்சுப் படுத்துடுச்சு. கண்டக்டர் எங்களையெல்லாம் பிடிச்சு இந்த பஸ்ல திணிச்சு விட்டாரு. உட்கார்ந்திருந்தவன் ஒருத்தனாவது அசைஞ்சானா? அத்தனை பேருக்கும் அப்பத்தான் தூக்கம் வந்துச்சு. நீங்க மட்டும் 'உட்காருங்க சார்'னு எழுந்து, பெரம்பலூர் வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே வந்தீங்க. தொழுதூர்ல டீ வேற வாங்கிக் கொடுத்தீங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு இந்தக் காலத்துல யாருண்ணே இப்படிச் செய்யறா.

ஆனா சார்னு மட்டும் கூப்பிடாதீங்க. வயசுல நீங்க மூத்தவர். இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்துட்டுச் சொல்றீங்க போல. இந்தச் சட்டையெல்லாம் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு இந்நேரம் குரோம்பேட்டையில என் மச்சான் கடையில நின்னு, 'இந்தக் குழாய்க்கு வாரண்டி உண்டா'ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பேன். பாத்ரூம் சாமான் கடை. வாஷ்பேசின், ஃபிளஷ் டேங்க், ஷவர், எல்லாம் கிடைக்கும். வீடு கட்டினா வாங்க.

எங்கே இறங்கணுமா? ஜங்ஷன் பக்கம். ரயில் ஏறப் போறீங்களான்னு கேக்கறீங்க. இல்லண்ணே, ஏற இல்லை. ரயில்லேர்ந்து இறங்கப் போறேன்.

சரியாத்தான் சொல்றேன், கேளுங்க. சென்னையிலேர்ந்து காலையில ஒரு ஏசி ரயில் வருதுல்ல, அதுலதான் நான் வந்துக்கிட்டிருக்கேன்னு ஒருத்தர் நினைச்சுக்கிட்டிருக்காரு. ஸ்டேஷன் வாசல்ல கார் நிக்கும். சூசைன்னு ஒரு டிரைவர் என் பேரு எழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் என்ன செய்வேன்னா, பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லுக்குழி பக்கத்து வாசல் வழியா உள்ளே நுழைஞ்சு, ஒரு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கிட்டு, பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். ரயில் வந்து ஜனங்க இறங்கினதும் கூட்டத்தோட கூட்டமா நடந்து முன்வாசலுக்கு வந்துடுவேன். போன வருஷமும் அப்படித்தான். 'பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா சார்'னு சூசை கேட்டாரு. 'ஏசிதான் கொஞ்சம் ஜாஸ்தி'ன்னேன்.

சிரிங்க சிரிங்க, பரவாயில்லை. என் பொண்டாட்டி சிரிக்கக்கூட மாட்டா. 'இந்த வருஷமும் போறீங்களா'ன்னு கேட்டா, அவ்வளவுதான், இஸ்திரிப் பெட்டியை எடுத்து வெச்சுட்டு உள்ளே போயிட்டா. இன்னிக்குப் பாருங்க, என்னிக்கும் இல்லாத திருநாளா ரயில் சரியான நேரத்துக்கு வருதாம். ஃபோன்ல பார்த்தேன். நம்ம பஸ்தான் உருட்டுது.

உங்ககிட்ட சொன்னா என்ன. தெரிஞ்சவங்ககிட்ட வாயைத் திறந்தா நாலு பேருக்குப் போயிடும். நீங்க யாரோ, நான் யாரோ. இறங்கினா உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு. இப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டாரான்னு நான் ரொம்ப நாளா ஏங்கிக்கிட்டிருந்தேன்.

எல்லாம் ஒரு டையால வந்த வினை. இருங்க, பையில இருக்கு, காட்டறேன். மெரூன் கலர், கோடு போட்டது. இதைக் கொடுத்தவர் குலசேகரன் சார். எங்க யுனிவர்சிட்டியில எம்.பி.ஏ. டிபார்ட்மென்ட் தலைவர். நான் படிச்சப்ப டிபார்ட்மென்டே புதுசு, நாங்கதான் முதல் செட். கட்டடம்கூட முடியலை, மேலே சென்ட்ரிங் பலகை தட்டற சத்தத்துல கீழே மார்க்கெட்டிங் பாடம் நடக்கும். எந்தக் கம்பெனியும் எங்க பக்கம் எட்டிப் பார்க்கலை. குலசேகரன் சார் விடலை. தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கிற கம்பெனி ஒண்ணு தில்லைநகர்ல ஒரு ஓட்டல்ல ஆள் எடுக்குதுன்னு யாரோ சொல்ல, என்னைத் தன் ஸ்கூட்டர் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போனாரு. ஓட்டல் வாசல்ல என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு 'டை எங்கடா'ன்னாரு. எனக்கு டைன்னா ஸ்கூல்ல எலாஸ்டிக் வெச்சு மாட்டினதுதான் தெரியும். தன் கழுத்துல இருந்ததை அவுத்து என் கழுத்துல கட்டி விட்டாரு. எங்கப்பா எனக்கு ஒரு நாள் சட்டைப் பட்டன் போட்டு விட்டதில்லைண்ணே.

வேலை கிடைச்சுது. அப்புறம் ஓட்டம்தான். சேலம், ஈரோடு, திருப்பூர்னு வீடு வீடா ஏறி இறங்கி, நாய்க்கடி எல்லாம் பட்டு, ஏரியா மேனேஜர் ஆகி, கடைசியில மண்டல மேலாளர். கிண்டியில கண்ணாடிக் கதவு போட்ட அறை. கதவைத் திறந்துவிடக்கூட ஒரு ஆள்.

அப்ப ஒரு நாள் நானாத்தான் குலசேகரன் சாருக்கு ஃபோன் பண்ணினேன். 'சார், நம்ம பிள்ளைங்களை நான் எடுத்துக்கறேன், கேம்பஸுக்கு எங்க கம்பெனியைக் கூட்டிக்கிட்டு வர்றேன்'னேன். நன்றின்னு ஒண்ணு இருக்கணும் இல்லையா. படிச்ச இடத்துக்குத் திருப்பிச் செய்யணும்னு எனக்கு ஒரு வெறியே இருந்துச்சு. போனேன். மேடையில உட்கார வெச்சாங்க, பொன்னாடை போட்டாங்க, குத்துவிளக்கு ஏத்தச் சொன்னாங்க. குலசேகரன் சார் மைக்கைப் பிடிச்சு, 'இவர் கழுத்துல இருக்கற டைக்கு ஒரு கதை இருக்கு'ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, ஹாலே கைதட்டுச்சு. நல்ல பிள்ளைங்களாப் பார்த்து எடுத்தேன். அதெல்லாம் நிஜம்ணே. அந்தப் பிள்ளைங்க இன்னிக்கும் நல்லா இருக்காங்க.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் அதே மேடை, அதே டை, அதே கதை. அவர் சொல்லச் சொல்ல கதை வளருது. இப்பல்லாம் அதுல மழை பெய்யுது. ஸ்கூட்டர் நடுவழியில நின்னு போயி, ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போறோம். அன்னிக்கு நல்ல வெயில்ணே. நான் மேடையில உட்கார்ந்து தலையை ஆட்டிக்கிட்டிருப்பேன்.

இது போதாதுன்னு அட்மிஷன் நேரத்துல என் படத்தைப் பெரிசா ஃபிளெக்ஸ் அடிச்சு ஊர் ஊரா பஸ் ஸ்டாண்டுல கட்டிடுவாங்க. 'எங்கள் மாணவர், இன்றைய மண்டல மேலாளர் அறிவழகன்.' கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கிட்டு. நல்லவேளை, அது நான் குண்டா இருந்தப்ப எடுத்தது. இப்ப யாருக்கும் அடையாளம் தெரியறதில்லை. உங்களுக்கே தெரியலையே.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, கம்பெனியை வடக்கத்தி ஆளுங்க வாங்கிட்டாங்க. தெற்குக்குன்னு தனியா மேலாளர் வேண்டாமாம். ஒரு காலையில என் அட்டையைக் கதவுல வெச்சேன், கதவு திறக்கலை. செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்காம வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு நின்னாரு. வேற இடத்துல தேடாம இல்லை, தேடினேன். எல்லா இடத்துலயும் சின்ன வயசுக்காரங்களா கேக்கறாங்க. கடைசியில மச்சான்தான், 'வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கறதுக்குக் கடைக்கு வாங்களேன் மாமா'ன்னான். அவன் நல்லவன்தான். ஆனா வர்றவங்ககிட்ட எல்லாம் 'மாமா பெரிய கம்பெனியில இருந்தவரு'ன்னு சொல்லுவான். அதைச் சொல்லாம இருந்தாத் தேவலை.

கடைக்குப் போக ஆரம்பிச்ச வாரமே குலசேகரன் சார் கூப்பிட்டாரு. சொல்லிடத்தான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். 'சார், ஒரு விஷயம்'னு ஆரம்பிச்சேன். அவர் முந்திக்கிட்டாரு. 'டேய் அறிவு, நீ ஒருத்தன் இருக்கறதாலதான்டா நான் துணைவேந்தர் முன்னாடி நிமிர்ந்து உட்காரறேன்'னாரு. சொல்லுங்கண்ணே, இதுக்கு மேல எந்த வாயால சொல்றது? 'வர்றேன் சார்'னுட்டேன். அப்ப ஒரு கஸ்டமர் ஷவரைத் திறந்து பார்த்து என் மேல தண்ணி அடிச்சுட்டான். 'என்னடா சத்தம்'னாரு. 'ஃபேக்டரி விசிட் சார்'னேன்.

பாசம் பாசம்னு சொல்றாங்களே, அதை மாதிரிக் கொடுமை கிடையாதுண்ணே. திட்டற ஆளா இருந்தா எதிர்த்துப் பேசிட்டு வந்துடலாம். இவர் கட்டிப் பிடிச்சுக்கறாரு. என் கழுத்துல டையைக் கட்டி நுனியைக் கையிலயே வெச்சிருக்காரு, இழுத்த பக்கம் நான் போகணும். அவர் மேல எனக்கு அவ்வளவு கோபம். ஆனா வருஷத்துக்கு ஒரு நாளாவது யாரோ ஒருத்தர் நமக்காகக் கார்க் கதவைத் திறந்துவிடறாங்கல்ல. அதையும் சொல்லணும்.

போன வருஷம் மேடையில சமாளிச்சுட்டேன். 'இந்த வருஷம் ஆள் எடுக்கறதை நிறுத்தி வெச்சிருக்காங்க, அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு எடுப்போம்'னேன். கைதட்டினாங்க. அந்த அடுத்த வருஷம் வந்து நிக்குது பாருங்க. இன்னிக்கு விழா முடிஞ்சதும் இன்டர்வியூ. ஒண்ணுமில்லை, ஆளுக்கு ரெண்டு கேள்வி கேப்பேன், 'முடிவு பின்னாடி வரும்'னு சொல்லிட்டு வந்துடுவேன். பின்னாடி எப்ப, எங்கேன்னு யாரு கேக்கப் போறா. பிள்ளைங்களுக்கும் இன்டர்வியூன்னா பயம் தெளியும். அதுவும் ஒரு சேவைதானே.

ஒரே ஒரு சங்கடம். அங்கே ஒரு சட்டம் வெச்சிருக்காங்க, ஒருத்தருக்கு ஒரு வேலைன்னு. ஒரு கம்பெனிக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டா அடுத்த கம்பெனி இன்டர்வியூல உட்கார விட மாட்டாங்க. எல்லாருக்கும் கிடைக்கணுமாம். அதனால குலசேகரன் சார் நல்லாப் படிக்கிற பிள்ளைங்களையெல்லாம், 'அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, நம்ம அறிவு வர்றான்'னு பிடிச்சு வெச்சிருக்காரு. போன வாரம் பெருமையா என்கிட்டயே சொல்றாரு. அது அவர் செய்யற தப்பு. நான் யாரையும் காத்திருக்கச் சொல்லலையே. சொன்னேனா? நீங்களே சொல்லுங்க.

சமயபுரம் டோல்கேட் வந்துடுச்சு. இந்த டையை இப்பவே கட்டிக்கறேன். அங்கே போயி கட்டினா பிளாட்பாரத்துல எல்லாரும் வேடிக்கை பார்க்கறாங்க.

என்னண்ணே. ஏன் அப்படிப் பார்க்கறீங்க.

என்ன சொன்னீங்க?

உங்க பொண்ணா? எங்க யுனிவர்சிட்டியிலயா? எம்.பி.ஏ.வா?

இதை முதல்லயே சொல்றதுக்கு என்னண்ணே. தொழுதூர்லயாவது சொல்லியிருக்கலாம். உங்க டீயைக் குடிச்சுட்டு வந்து நான்பாட்டுக்கு அளந்துக்கிட்டிருக்கேன், நீங்க ம்ம் ம்ம்னு கேட்டுக்கிட்டு வர்றீங்க. அப்ப என்னைப் பார்த்ததுமே... ஃபிளெக்ஸ்ல பார்த்த முகமா. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுல, உங்க மாவு மில்லுக்கு எதிர்லயே கட்டியிருந்தாங்களா. சரிதான். அதுக்குத்தான் ஜன்னல் சீட்டு. அதுக்குத்தான் சார், சார்னீங்க.

பேரு என்ன? மலர்விழி. நல்ல பேரு. இது என்ன கவர்? பயோடேட்டாவா. என்கிட்ட எதுக்குண்ணே கொடுக்கறீங்க. இவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க. எனக்கு வேலையே இல்லைங்கறேன், என் கையில பயோடேட்டாவைத் திணிக்கறீங்களே.

பொறுங்க. தஞ்சாவூர்ல பேங்கு வேலை கிடைச்சிருக்கா? எப்ப பதில் சொல்லணும்? இன்னிக்கு மத்தியானத்துக்குள்ளயா? இன்னும் கையெழுத்துப் போடலையா? எதுக்கு? எனக்காகவா.

அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே ஃபோனைப் போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பேங்கு வேலையை யாராவது விடுவாங்களா. விளையாட்டுக்குச் சொல்லலை. நான் தட்டிக் கழிக்கலைண்ணே. பெரிய மனுஷங்ககிட்ட சிபாரிசுன்னு போனா இப்படித்தான் ஆயிரம் காரணம் சொல்வாங்க, எனக்கும் தெரியும், நானும் அப்படி எத்தனையோ பேருக்குச் சொன்னவன்தான். ஆனா இது அது இல்லை. தன்னடக்கமா? தன்னடக்கத்துக்கு யாராவது பாத்ரூம் கடையில நிக்கறேன்னு சொல்வாங்களா. பெரிய மனுஷன்னா இப்படி ஒண்ணும் இல்லாத மாதிரி பஸ்லதான் வருவாருன்னு எங்கே படிச்சீங்க. சோதிச்சுப் பார்க்கறேனா? நான் எதுக்குண்ணே உங்களைச் சோதிக்கணும்.

கையைக் கும்பிடாதீங்க. ஐயோ, பஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க. எடுங்க கையை. பொண்ணைப் படிக்க வெக்க எவ்வளவு பாடுபட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா. அவ அம்மா இல்லாத பொண்ணா. சரி. சரிண்ணே. அழாதீங்க. அதனாலதான் சொல்றேன், அந்த பேங்கு வேலையை...

ஒரு நிமிஷம். குலசேகரன் சார்தான் கூப்பிடறாரு. இருங்க, இன்னிக்குச் சொல்லிடறேன். உங்க எதிர்லயே சொல்றேன், அப்பவாவது நம்புவீங்களா. உங்க பொண்ணுக்காகச் சொல்றேன்.

ஹலோ, சார். வணக்கம் சார். சார், உங்ககிட்ட ஒரு விஷயம்... ஆமா சார். வந்துட்டேன் சார். ஸ்ரீரங்கம் தாண்டியாச்சு. ரயில் சரியான நேரம்தான் சார். காவிரிப் பாலத்து மேல போயிக்கிட்டிருக்கேன், தண்ணி நல்லாப் போகுது. என்ன சத்தம்? விசிலா? கார்டு சார், கார்டு விசில் அடிக்கறாரு. ஆமா, ஏசிக்குள்ள எப்படிக் கேக்குதுன்னா, நான் கதவுகிட்ட வந்து நிக்கறேன் சார், இறங்கறதுக்கு. துணைவேந்தர் வந்துட்டாரா. பிள்ளைங்க எல்லாம் காத்திருக்காங்களா. கண்டிப்பா சார். போட்டிருக்கேன் சார், அதே டைதான். வெச்சுடறேன் சார்.

சொல்ல முடியலைண்ணே. பார்த்தீங்கல்ல, அவர் விடலை. துணைவேந்தர் வேற பக்கத்துல உட்கார்ந்திருக்காராம்.

ஏன், கவரை எதுக்குத் திருப்பி வாங்கறீங்க? இருக்கட்டும்ணே, என்கிட்டயே இருக்கட்டும். ஏன் இப்படி என் முகத்தையே பார்க்கறீங்க. இவ்வளவு நேரம் ஊர்க் கதையெல்லாம் சொன்னேன், ஒரு வார்த்தை நம்பலை நீங்க. இப்ப ஃபோன்ல நான் என்ன பெரிசாச் சொல்லிட்டேன்.

யாருக்குப் பண்றீங்க? பொண்ணுக்கா?

பேசுங்க பேசுங்க.

கையெழுத்துப் போடச் சொல்லிட்டீங்களா. நல்லது. ரொம்ப நல்லது. நானும் அதைத்தானே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்டர்வியூல ஒரு தடவை வந்து உட்கார்ந்துட்டுப் போயிருக்கலாம். ரெண்டு கேள்விதானே. நான் கேள்வி கேக்கறதை நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க. எம்மேல அவ்வளவு நம்பிக்கை இல்லாம போச்சா உங்களுக்கு.

எங்கே எழுந்துட்டீங்க? பஸ் ஸ்டாண்டு வர இன்னும் நேரம் இருக்கே. உட்காருங்கண்ணே. படிக்கட்டுக்கிட்ட நின்னுக்கறீங்களா. உங்க இஷ்டம்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்க. பொண்ணுக்குத் திரும்ப ஃபோன் பண்ணி, விஷயத்தை அவளோட வெச்சுக்கச் சொல்லுங்க. மத்த பிள்ளைங்ககிட்ட எதுவும் சொல்லிட வேண்டாம். பாவம், ஆசையாக் காத்துக்கிட்டிருக்காங்க. நான் அவங்களுக்கு என்ன செய்ய முடியும்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு, பார்த்துச் செய்யறேன். சொல்லிடுவீங்கல்ல?

கூட்டத்துல காது கேக்கலையா. அண்ணே, உங்களைத்தான். சரி, அதாவது போகட்டும். போறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க, டை நேரா இருக்கா?